சுறாவை விலக்கும் தூண்டிலும் வலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரைக்கும் இறாலுக்கும் போட்ட கருவியில் சுறா வந்து மாட்டுவதைக் குறைக்க என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள், அதில் எது பலித்தது, எது சொதப்பியது என்று கேட்பவர்களுக்காக இதைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. சிலவற்றில் சொல்ல நிறைய இருக்கிறது, சிலவற்றில் இரண்டு வரியோடு விஷயம் முடிந்துவிடும்.

'தவறி மாட்டுவது' என்கிறீர்களே, நம்மூரில் சுறாவை விரும்பித்தானே பிடிக்கிறார்கள்?

உண்மைதான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் சுறாத் தூண்டிலுக்குப் பேர்போனவர்கள். அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். வீட்டிலும் அப்படித்தான்: பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுப்பது இன்றும் நடக்கிறது. அங்கே சுறா மாட்டினால் சந்தோஷம்தான்.

ஹவாயில் சூரைக்குப் போகும் படகில் கதை வேறு. நீலச் சுறா ஏறினால் அங்கே எரிச்சல்தான் மிஞ்சும். அதன் சதையில் யூரியா அதிகம், சீக்கிரம் அம்மோனியா வாடை அடித்துவிடும், விலையும் போகாது. அது தின்ற இரை நஷ்டம், அறுத்துவிட்ட முள் நஷ்டம், அந்த முள்ளில் ஏறியிருக்க வேண்டிய சூரையும் நஷ்டம். மேலே இழுத்து முள்ளைக் கழற்றும் ஆளின் கைக்கும் ஆபத்து.

அதனால் எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும் அந்தப் படகில் சுறா வரவா செலவா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். செலவு என்றால் நல்ல வடிவமைப்பை மீனவரே தேடி வாங்குவார். வரவு என்றால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கருவியும் படகின் மூலையில்தான் கிடக்கும்.

மற்ற மீனுக்கு இல்லாத கவலை சுறாவுக்கு எதற்கு?

மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாட்டை போன்ற வாலுள்ள திரெஷர் சுறா ஓர் ஈற்றில் போடுவது 2 முதல் 4 குட்டி. பருவத்துக்கு வரவே பல வருஷம் ஆகும். பிடிப்பு கொஞ்சம் கூடினாலும் இந்த இனங்களால் ஈடுகொடுக்க முடியாது. ஆழ்கடலில் திரியும் சுறா, திருக்கை இனங்கள் 1970-லிருந்து சுமார் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

எந்தக் கருவியில் அதிகம் மாட்டுகிறது?

ஆயிரங்கால் தூண்டில், செவுள் வலை, மிதவையைச் சுற்றி வளைக்கும் பெரிய சுருக்கு வலை, இழுவை மடி என நான்கிலும் மாட்டும். இதில் ஆயிரங்கால் தூண்டில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குச் செல்லப்பிள்ளை. பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தாய்க்கயிறு, இடையிடையே மிதவை, அதிலிருந்து தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள். ஒரு தடவை விடும்போது 2000, 3000 முள்கூட இறங்கும். ஒரே தூண்டிலில் பாதி முள்ளைப் பழையபடியும் பாதியைப் புது மாதிரியும் கட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம். வலையில் அந்த வசதி குறைவு.

இருப்பதிலேயே எளிய மாற்றம் எது?

கம்பியை எடுத்துவிட்டு நைலான் கட்டுவது.

முள்ளுக்கு நேர் மேலே உள்ள கடைசித் துண்டைத்தான் சொல்கிறேன். பல படகுகளில் அது எஃகுக் கம்பி. சுறா எவ்வளவு கடித்தாலும் அறாது. அதே இடத்தில் நைலான் நரம்பு, அதாவது தங்கூசி, இருந்தால் சுறாவின் பல் ரம்பம் போல வேலை செய்துவிடும். விடிந்து தூண்டிலை இழுக்கும்போது சில கிளைகள் எடையே இல்லாமல் வரும். நுனியைப் பார்த்தால் தெரியும்: கத்தி வெட்டியது போல் நறுக்கென்று இருக்காது, நசுங்கி, சொரசொரவென்று வெளுத்துப் போயிருக்கும். சூரைக்கு இப்படி அறுக்கும் பல் கிடையாது, அது தூண்டிலில்தான் இருக்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கம்பியையும் நைலானையும் ஒப்பிட்ட சோதனை 2008-ல் வெளியானது. நைலானில் சுறா குறைந்தது, பெருங்கண் சூரை கூடுதலாகக் கிடைத்தது. சூரைக்குக் கண்பார்வை கூர்மை. கம்பியைப் பார்த்து ஒதுங்குகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தத் தொழிலில் 2005-லேயே கம்பிக்குத் தடை வந்துவிட்டது.

இவ்வளவு சுலபம் என்றால் எல்லோரும் அப்போதே மாறியிருக்க வேண்டுமே?

ஹவாய்க்காரர்கள் கம்பியை விடாமல் வைத்திருந்ததற்குச் சுறா காரணமே இல்லை. கடற்பறவைகள் இரையைக் கொத்தி முள்ளில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று, முள் சட்டென மூழ்குவதற்காக அதன் பக்கத்தில் 45 கிராம் ஈயக் குண்டு கட்ட வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. பெரிய மீனை இழுக்கும்போது நரம்பு விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் அது அறுந்தால் ஈயக் குண்டு ரப்பர் வில்லிலிருந்து போன கல் மாதிரி படகை நோக்கித் திரும்பி வரும். முகத்தில் பட்டால் கண் போகும், உயிரே போகலாம். கம்பி சுலபத்தில் அறாது என்பதால் ஆட்களைக் காக்கத்தான் அதைக் கட்டினார்கள்.

ஒரு விதி பறவையைக் காப்பாற்றியது, அதைச் சமாளிக்கப் போட்ட கம்பி சுறாவைப் பிடித்தது. மேசையில் உட்கார்ந்து கருவி வடிவமைப்பவர்களுக்கு இந்த மாதிரி முடிச்சு கண்ணில் படாது. தளத்தில் நின்று இழுத்தவருக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஹவாய் தூண்டில் படகுகளின் சங்கமே 2021-ல் தானாக முன்வந்து ஆழத் தூண்டிலில் நைலானுக்கு மாறியது. துடுப்பு நுனி வெளுத்திருக்கும் வெண்முனைச் சுறாவின் நிலைமை அங்கே அவ்வளவு மோசம். அமெரிக்க அரசின் விதி 2022-ல் வந்தது. ஈயக் குண்டு திரும்பி அடிக்காமல் இருக்க எப்படிக் கையாள்வது என்ற பயிற்சியும் தேவைப்பட்டது. அப்புறம் மேற்கு, மத்திய பசிபிக்கின் மீன்வள ஆணையமும் நிலநடுக்கோட்டின் இருபுறமும் 20 பாகை வரையிலான கடலில் சூரைத் தூண்டிலுக்கு 2024 முதல் கம்பியைத் தடை செய்தது.

கடித்து அறுத்துக்கொண்டு போன சுறா பிழைக்குமா?

சங்கடமான கேள்வி இதுதான். தளத்துக்கு வராத சுறாவைக் கணக்குப் புத்தகம் 'குறைந்தது' என்று எழுதிக்கொள்கிறது. ஆனால் அது வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் நரம்போடும் போயிருக்கிறது.

முள் எங்கே குத்தியது என்பது முக்கியம். தாடை ஓரத்தில் என்றால் பிழைக்க வாய்ப்பு அதிகம், குடல்வரை இறங்கியிருந்தால் கஷ்டம். தொங்கும் நரம்பின் நீளமும் முக்கியம். ஹவாயின் 2022 விதி, வெண்முனைச் சுறாவை விடுவிக்கும்போது அதன் உடம்பில் 1 மீட்டருக்கு மேல் நரம்பு மிஞ்சாதபடி வெட்டச் சொல்கிறது. அதற்குச் சுறாவைப் படகருகே கொண்டுவந்து, நீளக் கம்பின் முனையில் கட்டிய வெட்டியால் முள்ளுக்குக் கிட்டத்தில் அறுக்க வேண்டும். முந்நூறு முள் இன்னும் இழுக்கக் கிடக்கும்போது இதற்கு நின்று நேரம் கொடுப்பது எளிதில்லை.

வட்ட முள் போட்டால் சுறா மாட்டாதா?

மாட்டும். வட்ட முள் ஆமைக்குப் பெரிய உதவி என்பதில் சந்தேகம் இல்லை. சுறாவில் எண்ணிக்கை குறையும் என்று நம்பிப் போட்டால் ஏமாற்றம்தான். வட்ட முள் வாயோரத்தில் குத்துவதால் நரம்பு பல்லுக்கு வெளியே இருந்துவிடுகிறது, சுறாவால் கடித்து அறுக்க முடிவதில்லை. அதனால் படகில் ஏறும் சுறா சில சோதனைகளில் கூடியே இருக்கிறது. ஆனால் ஏறியது உயிரோடு ஏறுகிறது. விடுவிக்கும் பழக்கம் உள்ள படகில் வட்ட முள் நல்லது, வெட்டிப் பெட்டியில் போடும் படகில் அதனால் சுறாவுக்கு லாபமில்லை.

காந்தம் வைத்தால் சுறா ஓடிவிடும் என்கிறார்களே?

யோசனை அழகானது. சுறாவின் மூக்கைச் சுற்றிப் பேனா முனையால் குத்தியது போலத் துளைகள் தெரியும். உள்ளே கூழ் நிரம்பிய சிறு குழாய்கள். இத்தாலிய மருத்துவர் ஸ்தெஃபானோ லொரென்சினி 1678-ல் அவற்றை விவரித்து எழுதினார். எதற்கு இருக்கின்றன என்று தெரிய மேலும் சுமார் மூன்று நூற்றாண்டு ஆனது: மணலுக்கடியில் புதைந்திருக்கும் மீனின் உடம்பிலிருந்து கசியும் மின்சாரத்தைச் சுறா இதன் வழியாகத்தான் உணர்கிறது. சூரைக்கு இந்தப் புலன் இல்லை. ஆகவே முள்ளருகே மின்சாரத் தொந்தரவு கொடுத்தால் சுறா மட்டும் விலகும், சூரைக்கு ஒன்றும் தெரியாது. 2006-ல் உலக வனவிலங்கு நிதியத்தின் புதுமைக் கருவிப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதும் முள்ளருகே காந்தம் கட்டும் யோசனைதான்.

கடலில் இறங்கியபோது சிக்கல் வந்தது. வலுவான காந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், படகின் இரும்பில் ஒட்டும், கிளைக்கயிறுகளைச் சுருட்டி வைக்கும் பெட்டியில் முள்ளெல்லாம் ஒரே கொத்தாகிவிடும். காந்தத்துக்குப் பதிலாக நியோடிமியம், பிரசியோடிமியம் போன்ற உலோகத் துண்டுகளைத் தொங்கவிட்டார்கள். இவை உப்புத் தண்ணீரில் தாமே மின்னழுத்தம் உண்டாக்கும், கூடவே கரைந்தும் போகும். சில தடவை விட்டதும் புதுசு கட்ட வேண்டும்.

பலனும் இனத்துக்கு இனம் மாறியது. 2012-ல் வெளியான ஒரு தொடர் சோதனையில் ஹவாய்க் கரையோரத்துச் சுத்தித்தலைச் சுறாக் குட்டிகள் உலோகத்தைக் கண்டு நன்றாகவே விலகின. ஆழ்கடல் இனங்களோ கண்டுகொள்ளவே இல்லை. வேறொரு சோதனையில் காந்தம் கட்டிய முள்ளில் நீலச் சுறா கூடுதலாக மாட்டியது. மனிதன் ஒன்று நினைக்க, சுறா அதை இரை என்று நினைத்திருக்கிறது!

ஷார்க்கார்டு பற்றிச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் டெவனில் உள்ள ஃபிஷ்டெக் மரைன் நிறுவனம் செய்தது. விரல் நீளத்தில் ஒரு சின்ன உருளை, உள்ளே மின்கலம். முள்ளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு மின்துடிப்பு கொடுக்கும். காந்தத்தின் அதே தத்துவம்தான். ஆனால் நிலையாக இருக்கும் ஒன்று சுறாவுக்குப் பழகிவிடலாம், துடித்துக்கொண்டே இருப்பது அவ்வளவு சீக்கிரம் பழகாது என்பது எதிர்பார்ப்பு.

2021 கோடையில் பிரான்ஸின் மத்தியதரைக் கடல் பக்கம், நீலத் துடுப்புச் சூரை பிடிக்கும் இரண்டு படகுகளில் இதைச் சோதித்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட முட்கள். நீலச் சுறா 91 சதவீதமும் கடலோடித் திருக்கை 71 சதவீதமும் குறைந்தன. 2022-ல் முடிவு வெளியானபோது செய்திகளில் இந்த எண்கள்தான் ஓடின.

ஓடாத ஒன்றும் இருந்தது. அந்தப் பயணங்களில் சூரை மொத்தத்திலேயே மிகக் குறைவாகக் கிடைத்தது, கருவி கட்டிய முள்ளில் இன்னும் குறைவு. எண்ணிக்கை சிறிது என்பதால் அதைக் கருவியின் தலையில் கட்ட முடியாது, கருவி நிரபராதி என்று சான்றிதழும் கொடுக்க முடியாது. படகுக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்துக் கேட்பது மின்கலம். 2000 உருளைக்கு யார் மின்கலம் மாற்றுவது? சோதனையில் இருந்த மாதிரிக்குச் சில நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. சுருட்டி வைத்த பெட்டியிலேயே தானாக மின்னேறும் வடிவத்தை நோக்கி நிறுவனம் போனது அதனால்தான். என் கணிப்பில் இந்தக் கருவியின் தலைவிதி சுறாவிடம் இல்லை, அந்தப் பெட்டியிடம்தான் இருக்கிறது.

வலையில் விளக்கு கட்டுவது பலிக்குமா?

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் அடிக்கடல் செவுள் வலைகளில் பச்சை எல்இடி விளக்கு கட்டிப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: சுறா, திருக்கை வகை 95 சதவீதம் குறைந்தது. விற்கும் மீனின் அளவும் விலையும் குறையவில்லை.

எனக்குப் பிடித்த எண் வேறு. வலையை இழுத்து மீனைக் கழற்றும் நேரம் பாதிக்கும் மேல் குறைந்தது. வலையில் சிக்கிய திருக்கையைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தெடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முள் குத்தும், கண்ணி கிழியும், வெயில் ஏறிவிடும். சுறாவைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வதைவிட ஒரு மணி நேரம் முன்னால் கரை ஏறலாம் என்று சொன்னால் காது கொடுப்பார்கள். விளக்கின் விலைதான் இன்னும் சின்னப் படகுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

இழுவை மடியில் ஆமைக்கு வைக்கும் கம்பிச் சட்டம் சுறாவுக்கும் உதவுமா?

பெரிய சுறாவுக்கு உதவும், குட்டிக்கு உதவாது. மடிக்குள் சாய்வாக ஒரு சட்டம், கம்பிகளுக்கு நடுவே இறால் புகுந்து பின்னால் போகும், பெரியது முட்டி மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியே வெளியேறும். ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் தொழிலில் அளந்தபோது மொத்தச் சுறா 18 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் 1 மீட்டருக்கு மேற்பட்டவை மட்டும் பார்த்தால் 86 சதவீதம், அதே அளவுத் திருக்கையில் 94 சதவீதம். சராசரியை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம்.

வேளா மீன் பாவம். ரம்பம் போன்ற அதன் கொம்பு சட்டத்தை எட்டும் முன்பே மடியின் கண்ணியில் சிக்கிவிடும். அதே சோதனையில் ஒரு வேளா இனம் 73 சதவீதம் குறைந்தது நல்ல சேதி என்றாலும், மிஞ்சியவை சிக்கியது பெரும்பாலும் கொம்பால்தான்.

கொச்சியின் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியாவுக்கென்றே இப்படி ஒரு சட்டம் வடிவமைத்திருக்கிறது. ஆமைக்கு வழிவிடும் சட்டம் இல்லை என்று சொல்லித்தான் அமெரிக்கா 2019-ல் இந்தியக் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. ஆமைக்காகச் சட்டம் பொருத்தினால் பெரிய சுறாவும், உழுவை என்ற திருக்கை இன மீனும் அதே வாசலில் தப்பும்.

சூரைக்கு விடும் மிதவையில் சுறா எப்படி மாட்டும்?

இந்தியப் பெருங்கடலில் ஐரோப்பிய சுருக்கு வலைக் கப்பல்கள் மூங்கில் தெப்பங்களை மிதக்கவிட்டு அதன் நிழலில் சூரையைச் சேர்ப்பார்கள். தெப்பத்துக்கடியில் பழைய வலையைத் தொங்கவிடுவது வழக்கம். நிழலுக்கு வந்த சில்க்கி சுறா அதில் சுற்றிக்கொண்டு செத்துவிடும், இரண்டொரு நாளில் அழுகிக் கீழே விழுந்துவிடும். கப்பல் வந்து பார்க்கும்போது தடயமே இருக்காது. அதனால் இப்படி ஒரு சாவு நடப்பது பல வருஷம் யார் கணக்கிலும் ஏறவில்லை.

சுறாக்களின் உடம்பில் குறியீட்டுக் கருவி பொருத்தியும் தெப்பத்துக்கடியில் நீந்திப் பார்த்தும் செய்த ஆய்வு 2013-ல் வந்தது: இந்தியப் பெருங்கடலில் மட்டும் வருஷத்துக்கு 4,80,000 முதல் 9,60,000 சில்க்கி சுறா. வலைக்குள் பிடிபட்டுக் கணக்கில் வந்ததைப்போல 5 முதல் 10 மடங்கு.

தீர்வு சிரிக்கிற அளவுக்கு எளிது. வலையைத் தொங்கவிடாமல் கயிறு தொங்கவிடு. முதலில் வலையை இறுக்கிச் சுருட்டிக் கட்டினார்கள், அது அவிழ்ந்து மறுபடி சிக்கியது. பிறகு வலையே வேண்டாம் என்றார்கள். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2020 முதல் சிக்கவைக்காத தெப்பங்களையே விட வேண்டும் என்றது. இத்தனை கருவிகளில் செலவே இல்லாமல் பெரிய பலன் தந்தது இதுதான் என்பேன்.

முள்ளை ஆழத்தில் விட்டால் போதாதா?

ஓரளவு போதும். வெண்முனைச் சுறா, சில்க்கி சுறா எல்லாம் மேல் தண்ணீரில் திரிபவை. மிதவைக்குப் பக்கத்தில் தொங்கும் முட்கள்தான் மேலாக நிற்கும், அவற்றை விட்டுவிட்டாலே பிடிப்பு குறையும். மிதவையிலேயே நேராகக் கட்டும் முள்ளுக்குப் பசிபிக்கில் 'சுறா நரம்பு' என்றே பெயர். அது தவறி மாட்டுவது இல்லை, வேண்டுமென்றே வைப்பது.

நம் கடலுக்கு இதில் எது பொருந்தும்?

கருவியைவிடக் கணக்குதான் முதலில் பொருந்த வேண்டும். இந்தியா 2001-லேயே உடம்பெல்லாம் வெண்புள்ளியுள்ள திமிங்கலச் சுறாவையும் வேளா, சில சுறா, திருக்கை இனங்களையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாதுகாக்கப்பட்ட இனம் வலையில் ஏறினால் இன்று அது மீனவருக்கு வரவு இல்லை, வழக்கு. ஆக அந்த இனங்களுக்கு மட்டுமாவது 'தவறி மாட்டுவது' என்ற சொல் இங்கே உண்மையாகிவிட்டது.

குஜராத் கரையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். திமிங்கலச் சுறா வலையில் சிக்கினால் மீனவர் வலையை அறுத்து விட்டுவிட வேண்டும், படம் எடுத்துக் காட்டினால் வலைக்கு இழப்பீடு உண்டு. புதுக் கருவி ஒன்றும் இல்லை. கத்தி, கைபேசி, இழப்பீட்டுத் தொகை. நூற்றுக்கணக்கில் விடுவித்திருக்கிறார்கள்.

சுறாவே தொழில் என்றிருக்கும் தூத்தூர் படகில் போய்க் கம்பியை எடுங்கள் என்றால், வேறு வேலை பாருங்கள் என்று சொல்வதாகத்தான் கேட்கும். சூரைக்கென்றே போகும் படகில் நைலானைப் பற்றிப் பேசலாம், பெருங்கண் சூரை கூடும் என்ற இடத்திலிருந்து தொடங்கினால்.

துறைமுகத்துக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

தூண்டில் பெட்டியைப் பாருங்கள். பெட்டி விளிம்பில் வரிசையாக முட்களை மாட்டி வைத்திருப்பார்கள். முள்ளின் கண்ணிலிருந்து மேலே ஒரு சாண் விரலால் தடவுங்கள். குளிர்ந்து, முறுக்கு முறுக்காக இருந்தால் கம்பி. வழுவழுவென்று இருந்தால் நரம்பு. சில பெட்டிகளில் இரண்டும் கலந்து கிடக்கும். அது எதற்கு என்று படகுக்காரரிடம் கேட்டுவிட்டு, டீ சொல்லி உட்கார்ந்துகொள்ளுங்கள், பதில் நீளமாக இருக்கும்.